கவிழ்ந்தால் என்ன நடக்கும்?



வழக்கமாக இந்த நேரத்தில் வருமானவரிப் படிவம், வாடகை வருமானம், கடைக்காரரின் வற் கணக்கு என்று உங்கள் பொறுமையைச் சோதிப்பவன் நான். இன்று கணக்கு இல்லை. சிறிய பாய்ப்படகுகளைப் பற்றிக் கதைக்கப் போகிறேன். அவற்றை எப்படி வடிவமைக்கிறார்கள், எதனால் கட்டுகிறார்கள், ஏன் அப்படிக் கட்டுகிறார்கள் என்பதுதான் விஷயம். கணக்காளனுக்கு இது என்ன வேலை என்று நினைப்பீர்கள். காரணம் இருக்கிறது.

சென்ற மாதம் நிகழ்ச்சி முடிகிற நேரத்தில் ஒரு தாய் தொலைபேசியில் வந்தார். அவருடைய கேள்வி வரியைப் பற்றியது அல்ல. மகனுக்குப் பதினொரு வயது. பள்ளிக்கூடத்தில் பாய்ப்படகு ஓட்டப் பழக்குவதற்குக் கூட்டிப்போகிறார்களாம். பெற்றோரின் கையொப்பம் கேட்டு வந்த கடிதம் இரண்டு கிழமையாகச் சமையலறையில் கிடக்கிறது. "அண்ணை, உங்கட வீட்டில படகு நிக்குதெண்டு கேள்விப்பட்டன். பிள்ளையை விடலாமோ?" என்றார். எனக்கு இரண்டு நிமிடம்கூட மிச்சமிருக்கவில்லை. "யோசியாதேங்கோ தங்கச்சி" என்று மட்டும் சொன்னேன். வீட்டுக்கு வந்தபிறகு அது ஒரு பதிலா என்று எனக்கே வெட்கமாக இருந்தது. அவர் ஏன் யோசிக்கிறார் என்று எனக்குத் தெரியாதா?

எங்கள் வீடுகளில் படகு என்ற சொல்லுக்கு வேறு பொருள் உண்டு. 1994இல் நான் கிளாலிக் கடலேரியை ஒரு இரவில் கடந்தேன். முன்னால் போன இயந்திரப் படகு எங்கள் படகையும் வேறு சிலவற்றையும் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு போனது. வணிகமாணிச் சான்றிதழைப் பொலித்தீன் பையில் சுற்றி நெஞ்சோடு வைத்திருந்தேன். என் மனைவி பேசாலை. 1990இல் பதினான்கு வயதில் குடும்பத்தோடு இராமேஸ்வரம் பக்கம் போனவ. வள்ளத்தின் விளிம்புக்கும் கடலுக்கும் ஒரு சாண் இடைவெளிதான் இருந்ததாம். இரவு முழுக்கப் பெரியவர்கள் மாறி மாறிப் பால்மா ரின்னால் தண்ணீர் அள்ளிக் கொட்டினார்களாம். இருபது வருடமாகியும் அவ கடற்கரைக்குப் போனால் மணலில் இருப்பாவே தவிர, கால் நனைக்க மாட்டா.

இந்த வீட்டுக்குள்தான் 2012இல் என் மகள் வந்து, "அப்பா, எனக்கு ஒரு போட் வேணும்" என்றாள்.

அவளுக்கும் அது பள்ளிக்கூடத்தில் தொற்றிய ஆசைதான். நாங்கள் இருப்பது லண்டனில் கென்ரன் பகுதி. பக்கத்தில் வெல்ஷ் ஹார்ப் என்று ஒரு பெரிய நீர்த்தேக்கம் இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். கால்வாய்களுக்குத் தண்ணீர் கொடுப்பதற்காக 1830களில் பிரென்ற் ஆற்றை மறித்துக் கட்டியது. வெம்பிளி, கிங்ஸ்பரிப் பக்கம் இருக்கிற எங்கள் ஆட்கள் அதைச் சுற்றி நடக்கப் போவார்கள். நடுவில் பாய் விரித்து ஓடுகிற சின்னப் படகுகளைப் பார்த்துவிட்டு, வெள்ளைக்காரருடைய விளையாட்டு என்று திரும்பி வருவார்கள். நானும் அப்படித்தான் வந்துகொண்டிருந்தேன்.

அடுத்த வருடம் இருநூற்றைம்பது பவுணுக்கு ஒரு பழைய மிரர் வாங்கினேன். இனி அந்தப் படகைப் பற்றிச் சொல்கிறேன். சிறிய படகு ஒன்றைக் கட்டுகிறவர் எடுக்கவேண்டிய முடிவுகள் அநேகமாக எல்லாவற்றையும் அதில் பார்க்கலாம்.

பெயரைக் கேட்டதும் பத்திரிகை ஞாபகம் வந்தால் சரிதான். அந்தப் பத்திரிகையின் ஆதரவில்தான் 1960களின் தொடக்கத்தில் இந்தப் படகு வந்தது. சாதாரண சம்பளக்காரன் தன் வீட்டிலேயே கட்டக்கூடிய படகு என்பது நோக்கம். ஜாக் ஹோல்ற் என்ற படகு வடிவமைப்பாளரும், தொலைக்காட்சியில் வீட்டுத் தச்சுவேலை சொல்லிக்கொடுத்துப் பிரபலமான பரி பக்னெல் என்பவரும் சேர்ந்து உருவாக்கினார்கள். வெட்டிய பலகைகள், பாய், கயிறு எல்லாம் ஒரு பொதியாக வரும். அன்றைய விலை 63 பவுண் 11 ஷில்லிங். இன்றுவரை எழுபதாயிரம் அளவில் கட்டப்பட்டிருக்கின்றன. சிவப்புப் பாய்தான் அதன் அடையாளம்.

நீளம் 3.3 மீற்றர், வெறும் உடலின் நிறை 45 கிலோ அளவு. இரண்டு பேர் தூக்கிக் காரின் கூரையில் வைக்கலாம். பாய்மரமும் அப்படித்தான். ஒரே நெட்டை மரமாக இல்லாமல், குட்டையான மரம் ஒன்றும் அதன்மேல் செங்குத்தாக ஏறி நிற்கும் கழி ஒன்றும். கழற்றினால் எல்லாம் படகின் நீளத்துக்குள் அடங்கிவிடும். நெட்டை மரம் என்றால் காற்றை எதிர்த்து ஏறிப்போக இன்னும் கொஞ்சம் கெட்டித்தனமாக இருந்திருக்கும். ஆனால் தெருவோரம் ஒட்டி ஒட்டி நிற்கும் வீட்டில் இருக்கிறவன் அந்த மரத்தை எங்கே வைப்பான்?

பெட்டியைத் திறந்தால் அடுத்தது பலகை. இந்தப் படகு பிளைவுட்டால் ஆனது. பிளைவுட்டுக்கு ஒரு குணம் உண்டு. ஒரு கடதாசியைக் கையில் எடுத்துப் பாருங்கள். குழாயாகச் சுருட்டலாம், கூம்பாக்கலாம். பந்தின் மேல் ஒட்டப்போனால் கசங்கும். பிளைவுட்டும் அதேபோல ஒரு திசையில்தான் வளையும். அதனால் பிளைவுட் படகுக்கு வட்டமான வயிறு வராது. தட்டையான பலகைகள் ஓரத்தோடு ஓரம் சந்தித்து மூலைகள் விழும். மிரருக்குக் கூரான மூக்கும் கிடையாது. முன்பக்கம் கத்தியால் வெட்டிவிட்டதுபோல ஒரு சின்னப் பலகை. மகள் முதலில் பார்த்துவிட்டு, "இதுக்கு ஏன் மூக்கில்லை?" என்று முகத்தைச் சுளித்தாள். கூராக்க வேண்டுமென்றால் பலகையை இன்னும் முறுக்கவேண்டும், இன்னும் நீளமும் வேண்டும். மூக்கை வெட்டிவிட்டால் அந்தச் சின்ன நீளத்துக்குள்ளேயே இரண்டு பேர் இருக்க இடம் கிடைக்கும். எதிர் அலையில் கொஞ்சம் தட்டித் தட்டிப் போகும், அதுதான் அதற்குக் கொடுக்கும் விலை.

பலகைகளை இணைக்கும் முறைதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஓரங்களில் சிறு துளைகள் போட்டு, செப்புக் கம்பியால் தைக்கிறார்கள். உண்மையாகவே தையல்தான். உடல் உருவத்துக்கு வந்ததும் உள்ளே மூட்டுகளின் மேல் கண்ணாடியிழை நாடா வைத்து ரெசின் பூசுகிறார்கள். அது இறுகியபின் வெளியில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியை வெட்டிவிட்டு வெளிப்புறமும் அப்படியே நாடா. தச்சன் வேலை தெரியாதவனும் செய்யலாம்.

மனைவி இதைக் கேட்டுச் சிரித்தா. பலகையைக் கயிற்றால் தைத்துக் கரைவலைப் படகு கட்டுவது எங்கள் கரைகளில் பழைய வழக்கம். சோழமண்டலக் கரையில் மசூலாப் படகும் அப்படித்தான். ஆணி அடித்த படகு கரையலையில் முட்டினால் மூட்டு விட்டுப்போகும், தைத்த படகு நெகிழ்ந்து கொடுக்கும். ஒரு வித்தியாசம், அங்கே தையல்தான் கடைசிவரை படகைப் பிடித்து வைத்திருக்கும். மிரரில் ரெசின் இறுகியதும் தையலின் வேலை முடிந்துவிடுகிறது.

(எங்கள் கூட்டங்களில் படகு என்று வாயெடுத்தாலே யாராவது வல்வெட்டித்துறை அன்னபூரணியைத் தொடங்கிவிடுவார்கள். 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம்வரை பாய் விரித்துப் போன கப்பல். பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் அது பெரிய பாய்க்கப்பல், அதன் கணக்கு வேறு.)

இவ்வளவையும் நான் ஆர்வமாக விளங்கப்படுத்திக்கொண்டிருக்க, பின்வளவில் படகைச் சுற்றி வந்த மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டா. "இஞ்சருங்கோ, இது கவிண்டா என்ன நடக்கும்?"

வாங்குவதற்கு முன் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. விலையைக் கேட்டேன், பாயின் வயதைக் கேட்டேன், இதைக் கேட்கவில்லை. ஆனால் படகை வடிவமைத்தவர்கள் கேட்டிருக்கிறார்கள். நேயர்களே, இந்தச் சின்னப் படகுகளில் மற்ற எந்த முடிவையும்விட இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்லியிருக்கிறார்கள் என்பதைத்தான் நான் இப்போது முதலில் பார்ப்பேன்.

மனைவியின் தகப்பன் பேசாலையில் தொழில் செய்தவர். அவ சொன்ன விளக்கத்தை அப்படியே சொல்கிறேன். "கட்டுமரத்துக்கு உள் எண்டு ஒண்டில்லை. ஏறின தண்ணி வந்த வழியே போயிடும். கவிண்டாலும் பிரட்டிப்போட்டு ஏறலாம். வள்ளத்துக்கு உள் இருக்கு. உள்ளுக்கு வந்த தண்ணி நாங்கள் இறைச்சால்தான் போகும்." நான் பிறகு வாசித்த புத்தகங்கள் எல்லாவற்றையும்விட இது தெளிவாக இருந்தது. கட்டுமரம் மிதப்பது மரக்குற்றிகளின் மிதப்பால். வள்ளம் மிதப்பது உள்ளே தண்ணீர் இல்லாததால். அதனால் வள்ளத்தில் பாரம் ஏற ஏற விளிம்பு கடலுக்குக் கிட்ட வரும். ஒரு அலை ஏறினால் அந்தத் தண்ணீர் சரிந்த பக்கத்துக்கே ஓடி இன்னும் சரிக்கும். 1990இல் அவ பார்த்தது அதைத்தான்.

மிரர் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. வள்ளம்போல உள் இருக்கிறது. ஆனால் முன்னாலும் பக்கங்களிலும் பலகையால் அடைத்துக் காற்றறைகள் வைத்திருக்கிறார்கள், ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு அறைகள். இருப்பதற்கான ஆசனமும் அதுதான், படகின் எலும்பும் அதுதான். நூறு லீற்றர் காற்றை அடைத்த அறை ஒன்று தண்ணீருக்குள் போனால் ஏறக்குறைய நூறு கிலோவைத் தாங்கும். படகு முழுக்கத் தண்ணீர் நிரம்பினாலும் அறைகள் அதைத் தூக்கி வைத்திருக்கும். ஒரு அறை பழுதானாலும் மற்றவை நிற்கும். வணிகம் படித்தவர்களுக்கு ஒரு சொல்லில் சொல்வதென்றால், ஐயக்கடன் ஏற்பாடு. கடன்காரரில் சிலர் தரமாட்டார்கள் என்று முதலே எதிர்பார்த்து ஒதுக்கி வைக்கிறோமே, அதேபோல இந்தப் படகு கவிழும் என்று எதிர்பார்த்தே கட்டியிருக்கிறார்கள்.

அப்படியானால் காற்றறைகளை இன்னும் பெரிதாக்கினால் என்ன? நானும் அப்படித்தான் நினைத்தேன். பக்க அறைகள் அளவுக்கு மிஞ்சினால், கவிழ்ந்த படகு பக்கவாட்டில் மிக உயரமாக மிதக்கும். படகின் நடுவில் ஒரு வெட்டு வழியாகக் கீழே இறக்கும் பலகை ஒன்று உண்டு. அதில் ஏறி நின்றுதான் படகை நிமிர்த்த வேண்டும். உயரமாக மிதந்தால் அந்தப் பலகை சிறுபிள்ளைக்கு எட்டாது. படகும் அப்படியே தலைகீழாகப் போய்விடப் பார்க்கும். ஒதுக்கீடும் அளவோடுதான் இருக்கவேண்டும்.

இனி என்னுடைய மடைமைக்கு வருகிறேன். வாங்கியபோது இடப்பக்க அறையின் அடிப்பலகையில், பின்மூலைக்குக் கிட்ட, இரண்டு கையகலத்துக்குப் பலகை உக்கியிருந்தது. வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் துண்டு வைக்கவேண்டும். படகுக்கென்றே பிளைவுட் இருக்கிறது, பி.எஸ். 1088 என்று தரம் போட்டிருக்கும். அதில் பசை தண்ணீரில் விடாது, உள் அடுக்குகளிலும் ஓட்டை இருக்கக்கூடாது. வீட்டுச்சாமான் கடையில் இருக்கிற பிளைவுட்டும் பார்வைக்கு அதேதான், ஆனால் உள்ளே இடைவெளி இருக்கும். நான் கடைப் பலகையை வாங்கி முப்பத்தைந்து பவுண் மிச்சம் பிடித்தேன். ஒட்டுவதற்கு எப்பொக்ஸி வாங்காமல், கராஜில் இருந்த பொலியெஸ்ரர் ரெசினைப் பூசினேன். அது புதுப் படகு கட்டப் பயன்பட்டதுதான், ஆனால் பழைய மரத்தில் எப்பொக்ஸியைப்போலப் பிடிக்காது. மேலே இரண்டு தரம் நீல வர்ணம். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

2013 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, வெல்ஷ் ஹார்ப்பில் நானும் மகளும் கவிழ்ந்தோம். காற்று பலமில்லை. மகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற மும்முரத்தில் பாய்க்கயிற்றை இழுத்துச் செருகி வைத்திருந்தேன். ஒரு வீச்சு வந்தது, அவ்வளவுதான். பழகியபடியே மகள் பலகையில் ஏறி நின்றாள், படகு நிமிர்ந்தது. இனித் தண்ணீரை இறைத்தால் சரி என்று நினைத்தேன். ஆனால் படகு நேராக நிற்கவில்லை. இடப்பக்கம் தாழ்ந்தே கிடந்தது. அந்த விளிம்புக்கு மேலால் குளத்துத் தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருந்தது. நான் ஒரு வாளி இறைத்தால் இரண்டு வாளி வந்தது. என் ஒட்டுத்துண்டு ஊதி, மூட்டு பிளந்து, இடப்பக்க அறை நிறையத் தண்ணீர்.

மூன்று அறைகள் பிடித்துக்கொண்டிருந்ததால் படகு தாழவில்லை. நாங்கள் அதைப் பிடித்துக்கொண்டு மிதந்தோம். ஐந்து நிமிடத்தில் காவல்படகு வந்து கரைக்கு இழுத்துப்போனது. குளம்தான், கடல் இல்லை. ஆனால் கரையில் மனைவி நின்றுகொண்டிருந்தா. அவ சத்தம் போடவில்லை. துவாயை மகளின் மேல் போட்டுவிட்டு, என்னிடம், "எத்தனை பவுண் மிச்சம் பிடிச்சனீங்கள்?" என்று மட்டும் கேட்டா. வீட்டுக்குப் போகும்வரை காருக்குள் ஒருவரும் கதைக்கவில்லை.

படகை விற்றுவிடுவா என்றுதான் எதிர்பார்த்தேன். அடுத்த ஞாயிறு பின்வளவில் ஒரு சட்டிச் சவர்க்காரத் தண்ணீரோடு நிற்கிறா. பரிசோதனை இப்படித்தான்: அறையின் அடைப்பானைக் கழற்றிவிட்டு, அந்தத் துளையில் ஒரு குழாயைப் பொருத்தி, வாயால் மெதுவாக ஊதவேண்டும். பம்ப் பிடித்து ஊதினால் பலகையே பிளந்துவிடும். மற்றவர் மூட்டுகளில் சவர்க்காரத் தண்ணீர் பூசிக்கொண்டு வரவேண்டும். குமிழி வருகிற இடத்தில் ஓட்டை. நான் ஊத, அவ பென்சிலால் வட்டம் போட்டா. என் ஒட்டில் மட்டும் இல்லை, வேறு இடங்களிலும் சேர்த்துப் பதினொரு வட்டம். அந்தக் குளிர்காலம் முழுக்கச் சரியான பலகையோடும் எப்பொக்ஸியோடும் போனது. உள்பக்கமும் பூசினோம். உக்கல் தொடங்குவது அங்கேதான். ஓடி முடித்ததும் அடைப்பான்களைக் கழற்றி அறைகளைக் காயவிடவேண்டும், இல்லாவிட்டால் உள்ளே வியர்த்து மரம் உக்கும். இறக்குமுன் மறக்காமல் மூடவேண்டும்.

மரம் என்றாலே இந்தக் கரைச்சல்தானே, பைபர்கிளாஸ் வாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். உண்மைதான். காரைநகர் சீ-நோரில் பைபர்கிளாஸ் படகு கட்டிய காலம் எங்கள் மூத்தவர்களுக்கு ஞாபகமிருக்கும். அது உக்காது, அச்சில் வார்ப்பதால் வட்டமான வயிறும் வரும். ஆனால் பைபர்கிளாஸ் தானாக மிதக்காது. காற்றறையோ நுரையோ இல்லாமல் தண்ணீர் நிரம்பினால் தாழும். மரப்படகு அரைகுறையாக என்றாலும் மேலே கிடக்கும். அதோடு பைபர்கிளாஸ் அச்சு செய்யத் தொழிற்சாலை வேண்டும். மரப்படகை என்னைப்போல ஒரு கணக்காளன்கூடத் திருத்தலாம், ஒருமுறை பிழைவிட்டபிறகு.

இப்போது அந்தத் தங்கச்சியின் கேள்வி. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அநேகமாக ஒப்டிமிஸ்ற் என்ற படகில்தான் தொடங்குவார்கள். 1947இல் அமெரிக்காவின் புளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்பவர், பிளைவுட் தாள்களில் வெட்டி எடுக்கக்கூடியதாகச் சிறுபிள்ளைகளுக்கென்று வரைந்தது. 2.3 மீற்றர் நீளம். பெட்டிபோல இருக்கும், அதற்கும் மூக்கு இல்லை. அதில் காற்றடைத்த பைகள் மூன்றைக் கட்டியிருப்பார்கள். மகன் கொஞ்சம் வளர்ந்தால் லேசர் என்ற படகைக் காட்டுவார்கள். கனடாக்காரரான புரூஸ் கேர்பி வரைந்தது, 1996இலிருந்து ஒலிம்பிக்கில் ஓடுகிறது. இப்போது அதன் பெயர் ஐ.எல்.சி.ஏ. என் மனைவி அதைப் பார்த்ததும், "இது கட்டுமரம்" என்றா. ஓரளவு சரி. மேல்தளம் மூடிய உடல், இருக்கிற பள்ளம் சின்னது, அதில் நிரம்பிய தண்ணீர் படகு ஓட ஓடத் தானாக வடியும்.

கையொப்பம் வைக்குமுன் பள்ளிக்கூடத்தில் கேளுங்கள். காவல்படகு தண்ணீரில் நிற்குமா, எத்தனை பிள்ளைகளுக்கு ஒன்று? மிதப்பு அங்கி பிள்ளையின் நிறைக்கு ஏற்றதா? 50 நியூற்றன் அங்கி நீந்தத் தெரிந்தவருக்கு உதவுவது, மயங்கியவரின் முகத்தை மேலே திருப்பாது. அதற்கு 150 நியூற்றன் உயிர்காப்பு அங்கி வேறு. முதல் நாளே வேண்டுமென்று கவிழ்த்துப் பழக்குவார்களா? பழக்குவோம் என்று சொன்னால் பயப்படாதீர்கள், அது நல்ல இடம். காற்றுப்பைகளைக் கட்டிய நாடாவைக் கையால் இழுத்துப் பார்க்க விடுவார்களா என்றும் கேளுங்கள். சிரிப்பார்கள். சிரித்தாலும் இழுத்துப் பாருங்கள்.

மகளுக்கு இப்போது இருபத்தைந்து வயது, வேறு நகரத்தில் வேலை. லீவுக்கு வந்தால் படகை இறக்குவோம். மனைவி இன்றுவரை அதில் ஏறவில்லை. நானும் கேட்பதில்லை. ஆனால் படகு தண்ணீரைத் தொடுவதற்கு முன் அவ வந்து அடைப்பான்கள் எல்லாவற்றையும் கைவிரலால் தொட்டுப் பார்ப்பா. அவ தலையசைத்தபிறகுதான் தள்ளுவோம்.

தங்கச்சி, நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தால், நிலையத்துக்கு அழைத்து உங்கள் இலக்கத்தைக் கொடுங்கள். வெயில் தொடங்கியதும் ஒரு சனிக்கிழமை மகனைக் கூட்டி வாருங்கள். அவர் என்னோடு படகில் வரட்டும். கரையில் என் மனைவி நிற்பா, நீங்கள் அவவோடு நிற்கலாம்.

அடுத்த மாதம் மீண்டும் வரிப் படிவத்தோடு சந்திக்கிறேன். வணக்கம்.